எல்லார் கையிலும் வேலை நிறைய, ஆர்டர் மட்டும் 9 நாள்: எங்கே நிற்கிறது?

#1 வரிசைஎண்

வணக்கம். ஆபரேஷன்ஸ் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆர்டர் வந்ததிலிருந்து டிஸ்பாட்ச் ஆகும்வரை ஐந்து கட்டங்கள். நாளுக்குச் சராசரியாக 40 ஆர்டர் வருகிறது. இடைவேளை போக வேலை நேரம் 450 நிமிடம்.

ஆர்டர் பதிவு: 8 நிமிடம், ஒருவர்
கடன் வரம்பு சரிபார்ப்பு: 10 நிமிடம், ஒருவர்
விலை அப்ரூவல்: 11 நிமிடம், ஒருவர்
கிடங்கிலிருந்து சரக்கு எடுப்பது: 16 நிமிடம், இரண்டு பேர்
பேக்கிங், பில்: 10 நிமிடம், ஒருவர்

இன்றைய தேதியில் முடியாத ஆர்டர் 360. அதில் 300 விலை அப்ரூவலுக்கு முன்னால் நிற்கிறது. வாடிக்கையாளருக்குச் சொல்வது 4 நாள், ஆகிறது 9 நாள். மேலிடம் சொல்லும் தீர்வு, பேக்கிங்குக்கு ஓர் ஆள் கூட்டுவது, அடுத்து புது சாஃப்ட்வேர். எந்த மேசையிலும் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

#2 ஓட்டக்கணக்கு

ஐந்தையும் கூட்டுங்கள். ஒரு ஆர்டரில் கை படுகிற நேரம் 55 நிமிடம். 9 வேலைநாள் என்பது 4,050 நிமிடம். ஆக, ஆர்டர் உயிரோடு இருக்கும் காலத்தில் அதன்மேல் வேலை நடப்பது 1.4 சதவீதம்தான். மிச்சமெல்லாம் தட்டில் கிடப்பது. பதிவு செய்பவரை விரட்டி 8 நிமிடத்தை 6 ஆக்கினால், ஆர்டர் இரண்டு நிமிடம் முன்னதாகப் போய் 300 ஆர்டர் நிற்கிற வரிசையின் வாலில் சேரும்.

இப்போது ஒவ்வொரு கட்டமும் நாளுக்கு எத்தனை முடிக்கும் என்று பாருங்கள். பதிவு 56. கடன் 45. விலை 40, மிஞ்சினால் 41. சரக்கு எடுப்பது இரண்டு பேருமாக 56. பேக்கிங் 45.

வருவது 40, விலை அப்ரூவலின் உச்சவரம்பும் 40. பாட்டில்நெக், அதாவது மொத்த ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும் இடம், அங்கேதான். பேக்கிங்கில் ஆள் கூட்டினால் 45 என்பது 90 ஆகும், ஆனால் அங்கே வந்து சேருவதே 40-க்குள். புது ஆளுக்குப் பாதி நாள் வேலை இருக்காது.

9 நாள் என்பதும் மர்மமில்லை. 360-ஐ 40-ஆல் வகுத்தால் 9. உள்ளே நிற்கும் எண்ணிக்கை = வரும் வேகம் × உள்ளே இருக்கும் நேரம். இதை ஜான் லிட்டில் 1961-ல் நிறுவினார். எந்த வரிசைக்கும் பொருந்தும், யார் முதலில் யார் கடைசி என்பதைக்கூடக் கேட்காது. நிபந்தனை ஒன்றுதான்: வருவதும் போவதும் நீண்டகாலச் சராசரியில் சமமாக இருக்க வேண்டும். அதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

#3 முறைமை

விலை அப்ரூவல் 40 வரைக்கும் செய்யும், வருவதும் 40. அப்படியானால் சமாளிக்க வேண்டுமே? வரிசை ஏன் நிற்கிறது?

#4 புள்ளிவிவரன்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான மேலாளர்கள் வழுக்குகிறார்கள். 40 ஆர்டர் சராசரிதான். ஒரு நாள் 33, ஒரு நாள் 48. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்து விழும் ஆர்டர் என்றால் 40-ஐச் சுற்றி 6 கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம், எப்போதாவது 12 வரையும் போகும். 33 வந்த நாளில் வீணான நேரத்தை 48 வருகிற நாளுக்குச் சேமித்து வைக்க முடியாது. தவறவிட்ட நிமிடம் போனது போனதுதான், ஆனால் குவிந்த வேலை குவிந்தபடியே இருக்கும்.

இந்தக் கணக்கின் தொடக்கம் தொலைபேசி. எத்தனை இணைப்புத் தடம் போட்டால் அழைப்புகள் காத்திருக்காது என்று டென்மார்க் கணிதர் எர்லாங் 1909 தொடங்கிப் போட்ட கணக்கு. எளிய வடிவில், ஒரே ஆள் செய்யும் மேசையில் சராசரிக் காத்திருப்பு இப்படி: அவர் நேரத்தில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை, நிரம்பாத பங்கால் வகுத்து, ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தால் பெருக்குங்கள்.

11 நிமிட வேலைக்கு:
80 சதவீதம் நிரம்பினால் 44 நிமிடக் காத்திருப்பு
90 சதவீதம்: 99 நிமிடம்
95 சதவீதம்: 209 நிமிடம்
98 சதவீதம்: 539 நிமிடம்

80-லிருந்து 90-க்கு 55 நிமிடம்தான் கூடியது. 95-லிருந்து 98-க்கு மூன்றே சதவீதம், 330 நிமிடம். இந்த மேசையில் 40 × 11 = 440, 450-க்கு ஏறக்குறைய 98. "யாரும் சும்மா இல்லை" என்று பெருமையாகச் சொல்வது இந்தக் கோட்டின் செங்குத்தான பகுதியில் நின்றுகொண்டு சொல்வது.

கணிதர் கிங்மன் இதையே 1961-ல் பொதுமைப்படுத்தினார். ஏற்ற இறக்கம் குறைந்தால் காத்திருப்பும் கூடவே குறையும். ஆள் கூட்டாமலே, வருகையைச் சீராக்கினாலோ ஒவ்வொரு கோப்புக்கும் ஆகும் நேரத்தை ஒரேமாதிரி ஆக்கினாலோ பலன் உண்டு.

#5 வரிசைஎண்

ஒரு சந்தேகம். 98 சதவீதத்துக்கு 539 நிமிடம் என்கிறீர்கள். அது 1.2 நாள். இங்கே விலை அப்ரூவலுக்கு முன்னால் மட்டும் 300 நிற்கிறது, 40-ஆல் வகுத்தால் 7.5 நாள். சூத்திரம் தப்பா, எண்கள் தப்பா?

#6 புள்ளிவிவரன்

நல்ல கேள்வி. எண்ணில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அந்த மேசையிலிருந்து ஆர்டர் திரும்பிப் போகிறதா? தள்ளுபடிக் காரணம் இல்லை, அளவு இல்லை, வாடிக்கையாளர் குறியீடு தவறு என்று? அப்படித் திரும்பிப் போனது மறுபடி வரும்போது இன்னொரு 11 நிமிடம். கடந்த 20 வேலைநாளில் மொத்தம் எத்தனை வந்தது, எத்தனை வெளியே போனது என்று எடுத்துப் போடுங்கள்.

#7 வரிசைஎண்

20 நாளில் வந்தது 800. டிஸ்பாட்ச் ஆனது 744. அப்ரூவலிலிருந்து பத்துக்கு ஒன்று திரும்புகிறது. அது எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை, மெயிலில் போய் மெயிலில் வருகிறது.

#8 ஓட்டக்கணக்கு

முடிச்சு அவிழ்ந்தது. 40 ஆர்டர் அங்கே 44 தடவை போகிறது. 44 × 11 = 484 நிமிடம், இருப்பது 450. நிரம்பியது 98 இல்லை, 107 சதவீதத்துக்கும் மேல். நூறைத் தாண்டினால் "சராசரிக் காத்திருப்பு" என்று ஒன்றே கிடையாது, வரிசை நாளுக்கு நாள் நீளும். நாளுக்கு 2.8 ஆர்டர் மிஞ்சுகிறது (800-லிருந்து 744 போக 56, அதை 20-ஆல் வகுத்தால் அதேதான்). இந்த வேகத்தில் 300 சேர 107 வேலைநாள் போதும். யாரும் கவனிக்காததற்கும் காரணம் இதுவே. நாளுக்கு மூன்று ஆர்டர் கூடுவது கண்ணில் படாது.

நான் #2-ல் போட்ட 360 ÷ 40 கணக்கும் இங்கே தோராயம்தான். வருவதும் போவதும் சமமில்லை. இன்று உள்ளே வரும் ஆர்டருக்கு 9 நாளுக்கும் கூடுதலாகவே ஆகும், அடுத்த மாதம் வருவதற்கு இன்னும் கூடும்.

இந்த மேசையில் செய்ய வேண்டியதை, செலவில்லாததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

விலைப்பட்டியலில் உள்ள விலைக்கே வந்த ஆர்டர் அங்கே ஏன் போகிறது? எத்தனை சதவீதம் அப்படி என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏதோ தவறு நடந்து, "எல்லாம் என் பார்வைக்கு வரட்டும்" என்று போட்ட விதி, காரணம் மறந்தபிறகும் அப்படியே நிற்கும். தள்ளுபடி இத்தனை சதவீதத்துக்குமேல் போனால் மட்டும் அப்ரூவல் என்று எல்லை வையுங்கள்.

அடுத்து, முழுமையில்லாத ஆர்டர் பாட்டில்நெக்குக்குள் நுழையவே கூடாது. சரிபார்ப்பு அதற்கு முந்தின கட்டத்தில் இருக்க வேண்டும். பதிவில் ஒரு ஆர்டருக்கு 2 நிமிடம் கூடினாலும் 10 × 40 = 400, 450-க்குள் அடங்கும். அங்கே நேரம் இருக்கிறது, இங்கே இல்லை.

பிறகு அந்த 11 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். முடிவெடுக்க எத்தனை, பழைய விலையைத் தேட எத்தனை? தேடுகிற வேலையை வேறொருவர் செய்து ஆர்டரோடு இணைத்துக் கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால்தான் ஆள். பாட்டில்நெக் பற்றி எழுதிய எலியாஹு கோல்ட்ராட் சொன்ன வரிசையும் இதுவே: கண்டுபிடி, இருப்பதை முழுக்கப் பயன்படுத்து, மற்றவற்றை அதன் வேகத்துக்கு அடக்கு, பிறகு கூட்டு, அது நகர்ந்ததும் மறுபடி தேடு. பல இடங்களில் நேரே நாலாவது படிக்குத் தாவுகிறார்கள், செலவு செய்தால் வேலை நடந்த மாதிரி தெரியும் என்பதால்.

#9 வரிசைஎண்

எண்ணிப் பார்த்தாகிவிட்டது. பட்டியல் விலைக்கு வருவது 60 சதவீதம். விதியை மாற்ற மேலிடம் சம்மதிக்கும்போலத் தெரிகிறது. அப்படியானால் நிற்கிற 300-ல் 180 உடனே கிடங்குக்குப் போய்விடும், சரிதானே?

#10 கிடங்குக்காரன்

நிறுத்துங்கள்! 180 ஆர்டரை ஒரே காலையில் கிடங்கில் கொட்டினால் என்ன ஆகும் தெரியுமா? சரக்கு எடுப்பவர்கள் கிடைத்ததையெல்லாம் எடுத்து நடைபாதையில் அடுக்குவார்கள். பேக்கிங் நாளுக்கு 45. எடுத்து வைத்தது மூன்று நாள் கிடக்கும், லேபிள் மாறும், ஒரு ஆர்டர் சரக்கு இன்னொரு பெட்டியில் ஏறும். இருப்பில் குறையும் பொருள் முதலில் கைக்கு வந்த ஆர்டருக்குப் போய்விடும், பழைய ஆர்டர் பாதி நிரம்பியபடி மாட்டிக்கொள்ளும்.

பேக்கிங் எத்தனை முடிக்குமோ அத்தனையை மட்டும் காலையில் கிடங்குக்கு விடுங்கள், பழைய தேதி முதலில். எடுத்ததற்கும் பேக்கிங்குக்கும் நடுவே அரைநாள் வேலைக்குமேல் நிற்கக்கூடாது என்று இடத்தாலேயே கட்டுப்படுத்துங்கள். தரையில் 20 கட்டம் வரைந்து, கட்டம் நிரம்பினால் எடுப்பதை நிறுத்திவிட்டு ஒருவர் பேக்கிங்குக்கு உதவிக்குப் போக வேண்டும். கான்பான் என்று பெரிய பெயர் வைத்துப் பயமுறுத்துவது இதைத்தான்.

#11 முறைமை

இதில் எனக்கு உடன்பாடில்லை. வாசலில் தடுத்து நிறுத்தினால் வாடிக்கையாளர் காத்திருப்பது குறையாது, காத்திருக்கும் இடம்தான் மாறும். உள்ளே 160-தான் வைத்திருக்கிறோம், ஆகவே லீட் டைம் (ஆர்டர் வந்ததிலிருந்து போகும்வரை ஆகும் நேரம்) 4 நாள் என்று ரிப்போர்ட் காட்டிவிட்டு, வெளியே 200 ஆர்டரைக் கணக்கில் வராமல் வைத்திருக்கிற வித்தையை நிறைய இடங்களில் பார்க்கலாம்.

#12 ஓட்டக்கணக்கு

நீங்கள் சொல்வது சரி. கடிகாரம் ஆர்டர் வந்த நிமிடத்தில் ஓடத் தொடங்க வேண்டும், வாசலைத் தாண்டிய நிமிடத்தில் அல்ல. வாசலில் நிறுத்துவதால் மொத்தக் காத்திருப்பு தானாகக் குறைந்துவிடாது.

ஆனாலும் லாபம் உண்டு. வாசலில் நிற்கும் ஆர்டரில் அளவு மாற்றினால் ஒரு வரித் திருத்தம், எடுத்து அடுக்கிய பிறகு மாற்றினால் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். உள்ளே குறைவாக இருந்தால் தேடுவது குறையும். "என் ஆர்டர் எங்கே" என்று வரும் போன் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் ஐந்து நிமிடம், பெரும்பாலும் பாட்டில்நெக்கில் இருப்பவரின் ஐந்து நிமிடம்.

குவிந்ததைக் கரைக்க வரவைவிட வெளியேற்றம் கூடவேண்டும், வேறு வழி கிடையாது. கணக்கைப் போடுவோம். புது விதிப்படி அப்ரூவலுக்குப் போவது நாளுக்கு 16, திரும்புவதையும் சேர்த்து 194 நிமிடம். மீதி 256 நிமிடம். பழைய 300-ல் அங்கே போக வேண்டியது 120, அதற்கு 1,452 நிமிடம். ஆறே நாளில் அந்த மேசை காலி. அதாவது ஒரு வாரத்துக்குள் பாட்டில்நெக் இடம் மாறிவிடும். எங்கே? பேக்கிங்குக்கு. நாளுக்கு 45, புதிதாக வருவது 40, பழையதில் கரைவது 5. 4 நாள் வாக்குக்கு உள்ளே 160 நிற்கலாம், 360-ல் மீதி 200 கரைய 40 வேலைநாள்.

#13 கிடங்குக்காரன்

பேக்கிங்கில் தினம் ஒரு மணி நேரம் ஓவர்டைம் போட்டால் 510 நிமிடம், 51 ஆர்டர். கரைவது 11. 200-க்கு 18 நாள். ஓவர்டைமுக்கு அதுதான் எல்லை. அதற்குமேல் நீட்டினால் களைப்பில் பெட்டி மாறும்.

#14 முறைமை

அப்படியானால் மேலிடம் முதலில் சொன்ன "பேக்கிங்குக்கு ஓர் ஆள்" இப்போது சரியான யோசனையாகிவிட்டதா? வேடிக்கைதான்.

#15 ஓட்டக்கணக்கு

ஆமாம். முன்பு வரிசை தப்பாக இருந்தது. தற்காலிகமாக ஓர் ஆள் சேர்த்தால் பேக்கிங் 90, உடனே சரக்கு எடுப்பது பாட்டில்நெக்காகும், 56. கரைவது 16, 200-க்கு 12 முதல் 13 நாள். பேக்கிங்கில் மூன்றாவது ஆளைப் போட்டாலும் அந்த 12 நாள் குறையாது.

குவியல் கரைந்ததும் அந்த ஆளை வேறு வேலைக்கு மாற்றலாம். 40 ÷ 45 என்றால் 89 சதவீதம், #4 கணக்குப்படி பேக்கிங்கில் காத்திருப்பு 80 நிமிடம். எல்லாக் கட்டத்தையும் சேர்த்தாலும் ஒரு வேலைநாளுக்குள் முடிய வேண்டும். 4 நாள் வாக்கே தாராளம்.

#16 பட்டறைவாசி

காகித ஓட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மெஷின் உள்ள இடத்தில் இதோடு செட்டப் நேரமும் (அடுத்த பொருளுக்கு மெஷினை மாற்றிப் பொருத்தும் நேரம்) சேரும், அங்கேதான் பேட்ச் (ஒரே ஓட்டத்தில் செய்யும் எண்ணிக்கை) பெரிதாகிறது.

ஒரு பொருளுக்கு 2 நிமிடம், மாற்றிப் பொருத்த 60 நிமிடம் என்று வையுங்கள். 60 எண்ணிக்கை பேட்ச் என்றால் 120 நிமிடம் ஓட்டம், 60 நிமிடம் செட்டப், மூன்றில் ஒரு பங்கு வீண். 240 ஓட்டினால் வீண் 11 சதவீதம். ஆகவே சூப்பர்வைசர் 240-தான் ஓட்டுவார், அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்த 9 மணி நேரமும் மற்ற பொருளெல்லாம் வரிசையில் நிற்கும், கேட்காத சரக்கு கிடங்கில் ஏறும், கடைசிச் சோதனையில் குறை தெரிந்தால் 240-ம் போச்சு.

செட்டப்பை 15 நிமிடமாக்கினால் 60 எண்ணிக்கை பேட்சிலேயே வீண் 11 சதவீதம். அதே திறன், நாலில் ஒரு பங்கு பேட்ச். ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ காட்டிய வழி எளிமையானது. மெஷின் நின்றிருந்தால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரிப்பது. அடுத்த டையை (பொருளுக்கு வடிவம் தரும் அச்சு) தேடுவது, கருவி எடுத்து வருவது, டையைச் சூடாக்குவது, சோதனைக் கருவியைத் தயார் செய்வது, இத்தனையும் மெஷின் ஓடும்போதே முடிக்க வேண்டியவை. செட்டப்பை முழுசாக வீடியோ எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஆள் மெஷினைவிட்டு எத்தனை தடவை நடந்துபோகிறார் என்று எண்ணினாலே பாதி வழி தெரிந்துவிடும். அடுத்தது போல்ட். பத்து மரை சுற்ற வேண்டியதில்லை, கடைசிச் சுற்றில்தான் பிடிப்பு வருகிறது. கால் சுற்றில் இறுகும் கிளாம்ப் போடலாம். அதற்கடுத்து, ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து, தட்டித் தட்டி உயரம் சரிசெய்வது. எல்லா டைக்கும் ஒரே உயரம் வைத்தால் இந்த வேலையே இருக்காது.

குறைத்தபிறகு மறக்காமல் பேட்சைச் சின்னதாக்குங்கள். செட்டப்பைக் குறைத்துவிட்டு அதே 240 ஓட்டினால், மிச்சமான நேரத்தில் கேட்காத சரக்கு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

#17 வரிசைஎண்

அலுவலகத்திலும் பேட்ச் உண்டு. கையெழுத்து ஒரு நாளில் மாலை ஒரே ஒரு தடவை.

#18 பட்டறைவாசி

அதேதான். நாளுக்கு ஒரு தடவை என்றால் வேலைநேரத்தில் வரும் ஆர்டர் சராசரியாக அரை நாள் சும்மா காத்திருக்கும், நாலு தடவை என்றால் அதில் நாலில் ஒரு பங்கு. ஒரு காசு செலவில்லை.

#19 புள்ளிவிவரன்

முன்பு விட்டது ஒன்று. ஒவ்வொரு கட்டமும் "97 சதவீதம் சரியாகச் செய்கிறோம்" என்று தனித்தனியாகச் சொல்லும். ஐந்து கட்டம் பெருக்கினால் 86 சதவீதம். ஏழில் ஒரு ஆர்டர் எங்கேயோ ஒரு தடவை திரும்பியிருக்கிறது. 95 என்றால் 77. துறைவாரி ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளர் மட்டும் கோபமாக இருப்பார்.

#20 முறைமை

அளவுகோலிலும் தப்பு இருக்கும். பதிவு செய்பவருக்கு "நாளுக்கு எத்தனை பதிவு" என்று இலக்கு வைத்தால் பாதி நிரப்பிய ஆர்டரைத் தள்ளிவிடுவார், திரும்பி வந்தால் அது இன்னொரு பதிவாகக்கூட எண்ணப்படும்! "அப்ரூவலில் திரும்பாமல் போன பதிவு எத்தனை" என்று மாற்றினால் அவரே போன் செய்து விவரம் கேட்டு நிரப்புவார். சரக்கு எடுப்பவருக்கு எண்ணிக்கை இலக்கு வைத்தால் சின்ன ஆர்டரை முதலில் எடுப்பார், பெரிய ஆர்டர் அழுகும். ஆளைத் திட்டும் முன்னால் இலக்கைப் பார்க்க வேண்டும்.

#21 வரிசைஎண்

ப்ராசஸ் மேப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கிற எஸ்ஓபி-யை (எழுதிவைத்த வேலைமுறை) வைத்துப் போட்டால் போதுமா?

#22 ஓட்டக்கணக்கு

போதாது. எஸ்ஓபி நடக்க வேண்டியதைச் சொல்லும். மேப்புக்கு வேண்டியது உண்மையில் நடப்பது.

20 ஆர்டரை எடுங்கள். சிக்கலில்லாத ஆர்டராகப் பொறுக்காதீர்கள். சிறியது, பெரியது, அவசரம், திரும்பியது எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு போகட்டும். ஒவ்வொரு மேசையிலும் மூன்று நேரம்: தட்டில் விழுந்தது, கையில் எடுத்தது, அனுப்பியது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருப்பது வரிசை. சிஸ்டம் பதிவு பெரும்பாலும் மூன்றாவதை மட்டும்தான் வைத்திருக்கும்.

நேரில் நடக்கும்போது கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். பேக்கிங்காரரிடம் "எது வராமல் நிற்கிறீர்கள்" என்று கேட்டால் முந்தின கட்டத்தின் குறை தெரியும், முந்தின கட்டமே அதைச் சொல்லாது. ஒவ்வொரு மேசையிலும் கேட்க நான்கு கேள்வி: எங்கிருந்து வருகிறது, எது குறைவாக வருகிறது, எந்த வரிசையில் எடுக்கிறீர்கள், நீங்கள் வராத நாளில் யார் செய்வார்? கடைசிக் கேள்விக்குப் பதில் "யாருமில்லை" என்றால் அதைச் சிவப்பில் குறியுங்கள்.

படத்தில் திரும்பும் அம்புகளை விடாதீர்கள். திரும்பும் அம்பு இல்லாத மேப் கூட்ட அறையில் வரைந்தது.

#23 முறைமை

சிஸ்டம் நேரத்தைப் பற்றி ஒன்று. நிலை மாற்றம் எல்லாம் மாலைக் கடைசி அரைமணியில் குவிந்திருந்தால் அது வேலை நடந்த நேரமில்லை, உட்கார்ந்து மொத்தமாக "முடிந்தது" போட்ட நேரம். அதை வைத்து அளந்தால் எல்லா மேசையும் ஒரே வேகத்தில் ஓடுவதாகத் தெரியும்.

புது சாஃப்ட்வேர் பற்றியும் அதனால்தான் சொல்கிறேன். தேவையில்லாத அப்ரூவலைத் திரையில் ஏற்றினால் தேவையில்லாத அப்ரூவல் திரையில் நடக்கும். பிறகு எடுத்துவிடுவது இன்னும் கஷ்டம், மாற்ற வேண்டுமென்றால் வெண்டரிடம் போய் நிற்க வேண்டும்.

#24 வரிசைஎண்

"அவசரம்" என்று முத்திரை குத்தி வரும் ஆர்டர் நாளுக்கு 12, 15. இதை என்ன செய்வது?

#25 கிடங்குக்காரன்

நாற்பதில் பதினைந்து அவசரமென்றால் அவசரம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. அவசரம் யாருடைய காத்திருப்பையும் அழிக்காது, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றும். நடுவில் பாதி எடுத்த ஆர்டரை வைத்துவிட்டு ஓடும் நேரம் வேறு வீண். நாளுக்கு இரண்டு இடம் மட்டும் ஒதுக்குங்கள். மூன்றாவது வேண்டுமென்றால் முதல் இரண்டில் எதை எடுப்பது என்று கேட்பவரே சொல்லட்டும். விற்பனைக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

#26 வரிசைஎண்

கடைசியாக ஒன்று. மாற்றங்கள் செய்தபிறகு தினமும் டிஸ்பாட்ச் எண்ணிக்கையைப் பார்த்து, குறைந்த நாளில் மீட்டிங் வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

#27 புள்ளிவிவரன்

வேண்டாம். குறைந்த நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் தானே ஏறும், மீட்டிங் வைத்தாலும் வைக்காவிட்டாலும். ஆனால் மீட்டிங்தான் ஏற்றியது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். புள்ளியியலாளர் ஷூஹார்ட் 1924-ல் கட்டுப்பாட்டு வரைபடம் போட்டது இந்த மயக்கத்துக்காகத்தான். 20, 25 நாள் எண்ணிக்கையை வரைந்து சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடு போடுங்கள். எல்லைக்குள் ஆடினால் அது ப்ராசஸின் இயல்பு, யாரையும் கேள்வி கேட்காதீர்கள். எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து எட்டு நாள் சராசரிக்கு ஒரே பக்கம் நின்றாலோ போய்ப் பாருங்கள். அந்த நாளுக்கு 2.8 ஆர்டர் கசிவை இந்த எட்டு நாள் விதி முதல் மாதத்திலேயே பிடித்திருக்கலாம், முடியாத ஆர்டர் எண்ணிக்கையை வரைந்திருந்தால்.

வாக்குத் தேதிக்குச் சராசரியைச் சொல்லாதீர்கள். சராசரி 2 நாள் என்று 2 நாள் சொன்னால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தவறும். கடைசி 100 ஆர்டரை நேரவாரியாக அடுக்கி 90-ஆவது ஆர்டர் எத்தனை நாளில் போனதோ அதைச் சொல்லுங்கள். ஆனால் குவியல் கரையும்வரை அந்த 100 பழைய 9 நாள் ஆர்டர்களாகவே இருக்கும், அதை வைத்து எடுக்காதீர்கள். கரைந்து முடிந்த தேதிக்குப்பின் உள்ளே வந்த 100 சேரட்டும்.

#28 வரிசைஎண்

நாளுக்கு 40 என்றால் 100 ஆர்டருக்கு மூன்று நாள்கூட ஆகாதே, அது போதுமா?

#29 புள்ளிவிவரன்

போதாது. மாதக் கடைசி நெருக்கடி அதில் விழாது. ஒரு முழு மாத ஆர்டரை எடுத்து, பத்துக்கு ஒன்பதாவது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதுவரை 4 நாளே இருக்கட்டும்.